கிணற்று எஞ்சினும் டீச்சரம்மாவின் காரும்

எஞ்சின் மாற்றும் தொழிலில் இருப்பவன் வாயைத் திறந்து சொல்லும் முதல் தொகை ஒருநாளும் கடைசித் தொகையாக இருந்ததில்லை. பழைய காரை வாங்கி, அதைவிடப் பழைய மெக்கானிக்கிடம் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் திண்டுக்கல் பழனி ரோட்டில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. அங்கே ஒரே ஒரு காரோடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்கள் பாடும் இதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஓசி எஞ்சின்

அகரத்துச் சுப்பையா அண்ணன் வெங்காயமும் தக்காளியும் போடுகிறவர். அவர் மனைவி ராஜம்மாள் டீச்சருக்குச் சிறுமலையில் வேலை. பாதி ஏற்றத்தில் பள்ளிக்கூடம். மலைக்குப் போகிற ஒரே பஸ் தினமும் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். அதற்காகவே அண்ணன் ஒரு பழைய சீமைக் காரை வாங்கினார். மலை ஏறி இறங்கியதில் டீச்சர் சம்பளம் மொத்தத்தையும் பெட்ரோலே குடித்துவிட்டது. காரை நிறுத்தினார், மறுபடியும் தாமதம். பள்ளி திறந்த பிறகு இன்னும் ஒரு நாள் தாமதமானாலும் வேலை இல்லை என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். கையில் இருந்தது கோடை விடுமுறை மட்டும்.

அந்த வருஷம்தான் அவர் தோட்டத்துக்குக் கரண்டு வந்தது. மோட்டார் போட்டதும், அதுவரை மலிவான டீசலில் தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சின் சும்மா கிடந்தது. அதைத் தூக்கிக் காரில் வைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு வந்தார். வேறு மெக்கானிக்காக இருந்தால் சிரித்து அனுப்பியிருப்பான். எனக்கோ, வைத்தால் என்னதான் ஆகும் பார்ப்போமே என்ற அரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நியாயமாக, அது கார் எஞ்சின் இல்லையே என்று ஒரு வார்த்தை சொன்னேன். அண்ணன் விடவில்லை. "அம்புட்டு ஆழத்துல இருந்து தண்ணிய மேல ஏத்துன எஞ்சினு மேஸ்திரி, ஒரு டீச்சர மேல ஏத்தாதா?"

தலை கவிழ்ந்த கார்

முந்நூறு ரூபாய் என்று சொல்லியிருந்தேன். எஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்கியபோதே அந்த முந்நூறு செத்துவிட்டது. கிணற்று எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் அம்மிக்கல் கனத்தில் சக்கரம். காரின் முன்பக்கம் அப்படியே தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கிப் போட்டோம். எஞ்சின் உயரத்துக்குப் பானட் மூடவில்லை, நடுவில் வெட்டினோம். புகைக்குழாய் அந்த ஓட்டை வழியே மேலே நின்றது. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்க ஒரு தட்டு வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடையாது. பக்கத்து லேத்துப் பட்டறை காதர் பாய்தான் கடைந்து கொடுத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

அண்ணன் வரும்போதெல்லாம் நான் ஒரு புதுத் தொகையைச் சொல்வேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கொடுத்துவிட்டுப் போவார். எனக்கே கூச்சமாக இருந்தது. காதர் பாய் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எஞ்சினு மட்டுந்தான் ஓசி மேஸ்திரி. அத வைக்கிறதுக்குத்தான் காசு."

நாலு ரிவர்ஸ் கியர்

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது முதல் ஓட்டம். ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் டப்டப்பென்று பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்கக் கிணற்றடி வாசனை. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன்.

கார் பின்னால் போனது. இரண்டாவது போட்டேன், இன்னும் வேகமாகப் பின்னால் போய் காதர் பாயின் தகர வேலியில் சாய்ந்து நின்றது. அந்த எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுவது. கார் எஞ்சின்களோடே வாழ்ந்த எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. முன்னால் போக ரிவர்ஸ் கியர் ஒன்றுதான் மிச்சம். பின்னால் போக நாலு கியர். இனி எஞ்சினைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும், தாங்குகிற இரும்புகளை எல்லாம் வெட்டிப் புதிதாக ஒட்ட வேண்டும். அதற்கும் ஒரு புதுத் தொகையை மனசுக்குள் கூட்டிக்கொண்டே இறங்கினேன். அண்ணன் முந்திக்கொண்டார்: "பின்னாலயே போனாலும் பரவால்ல மேஸ்திரி. மணி அடிக்குமுன்ன போனாச் சரி."

இரண்டாவது வளைவு

திருப்பி வைத்து முடித்தபோது, மறுநாள் பள்ளி திறப்பு. ஒத்திகை பார்க்கவும் நேரமில்லை. விடியற்காலையில் அண்ணன் ஓட்ட, டீச்சர் பின்னால் உட்கார, நான் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பெரிய கல்லுமாக முன்னால் ஏறினேன். சமவெளியில் குறை சொல்ல முடியாது. மாட்டுவண்டி எல்லாவற்றையும் முந்தினோம். மலையடிவாரத்தைத் தொட்டபோது நேரம் தாராளமாக இருந்தது.

ஏற்றத்தில்தான் கதை மாறியது. முதல் வளைவில் எஞ்சின் முனகி நின்றது. நான் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். தண்ணீர் கொதித்தது, ஊற்றினோம். மலைவாழைத் தார் எடுக்கப் போன குதிரைகள் எங்களைத் தாண்டிப் போயின. டீச்சர் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, குறுக்குப் பாதையில் ஏறிவிட்டார். இரண்டாவது வளைவுக்கு நாங்கள் போனபோது அங்கே கல் மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி காரில் ஏறவில்லை. ஜன்னல் அருகே வந்து, "நீங்க ரெண்டு பேரும் பதனமா வாங்க. எனக்கு மணி அடிச்சிரும்" என்றார்.

மதிய மணி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வாசலுக்கு வந்தார். காலையில் மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாராம். எனக்குப் போன உயிர் வந்தது. அண்ணன் அப்படியே கார் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத்தம் எம்புட்டு ஆச்சு மேஸ்திரி?" என்று டீச்சர் கேட்டார். அவருடைய ஏழு மாதச் சம்பளம். சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இருவரின் கரி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிற அதே குரலில் நிதானமாகச் சொன்னார்: "அடிவாரம் வரைக்கும் சைக்கிள்ல கொண்டாந்து விட்டா, மேல நான் நடந்துக்கிருவேன். இத ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கலையே."

அன்று முதல், காரில் உட்காரப் போகிறவர் நேரில் வந்து நின்று பேசாமல் நான் எந்த பானட்டையும் திறந்ததில்லை. அதனால் பாதி வியாபாரம் போனதை மட்டும் யாரும் என்னிடம் கேட்காதீர்கள்.