டிக்கியில் இருந்த அட்டைப்பெட்டி

என் வீட்டுக்காரர் மெக்கானிக். காரில் எதை மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டிய பட்டையால் கட்டி, வண்டிக்காரரின் டிக்கியிலேயே வைத்துவிடுவார். "மாத்திட்டேன்னு வாயால சொன்னா ஆச்சா? கண்ணால பாக்கணும்ல?" என்பார். பட்டைகளை வெட்டுவது என் வேலை. என் கத்தரிக்கோலின் முனை உடைந்தது, அதனால் ஒவ்வொரு பட்டையின் நுனியும் எலி கடித்த மாதிரி இருக்கும்.

பன்னிரண்டு வருடம் கம்பெனி சர்வீஸில் இருந்தவர். நல்ல சாமானையும் மாற்றச் சொல்லிப் பில் போடுகிறார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வெளியே வந்து, ஒரு சந்துக்குள் தகர ஷெட் போட்டார். அவ்வளவுதான், சொந்தபந்தமெல்லாம் மோப்பம் பிடித்து வந்துவிட்டது. கம்பெனியில் கேட்பதில் பாதிகூட இவர் வாங்கமாட்டார். அதிலும் பேரம்! "நமக்குள்ள என்ன" என்று பல்லை இளித்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் போவார்கள். எனக்கு வயிறு எரியும். இவருக்கோ, "உன்ன மாதிரி நியாயமான ஆள் உண்டா" என்று ஒருத்தர் சொன்னால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் பேர் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது.

அதற்கும் உலை வைத்தான் என் கொழுந்தன். ஒருநாள் பிரேக் பேடை அவனே எங்கோ மலிவாக வாங்கி வந்தான். இவர் அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது வேணாம்டா. ஒட்டு சரியில்ல, தகட்டுலேருந்து பேந்து வந்துடும். நான் நல்லதா வாங்கிப் போடறேன்."

"ஆமா, நீயும் கம்பெனிக்காரன் மாதிரியே பேசுற. அதுல உனக்கு எவ்வளவு நிக்கும்?"

சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில்தான் நின்றேன். இவர் முகம் செத்துவிட்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். அந்தப் பேடையே மாட்டிக் கொடுத்தார். நான் பூசி மெழுக மாட்டேன், அந்தத் தப்பு இவருடையதுதான்.

பத்தாம் நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி சுவரில் மோதியது. கொழுந்தனுக்கு முழங்கால் உடைந்தது. உயிரோடு வந்தானே என்று நானும்தான் அழுதேன். ஆனால் பேடை வாங்கி வந்தது யார் என்று அவன் மூச்சே விடவில்லை. "அண்ணன்தான் போட்டான்" என்பதோடு நிறுத்திக்கொண்டான், பாவி.

"நடந்ததைச் சொல்லித் தொலைங்களேன்!" என்று இவரிடம் கத்தினேன்.

"மாட்டினது என் கைதானே" என்றார்.

மூன்று மாதத்தில் ஷெட்டுக்கு ஈ காக்கை வரவில்லை. பூட்டிவிட்டு, ஊரின் மறுகோடியில் இன்னொரு கம்பெனி சர்வீஸில் சேர்ந்தார். எங்கே வேலை என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று எனக்குக் கட்டளை. அங்கே வண்டிக்காரர்கள் ஏசி அறையில் காபி குடிப்பார்கள். மெக்கானிக் முகத்தை ஒருத்தரும் பார்ப்பதில்லை.

போன வாரம், "ரெண்டு பட்டை வெட்டிக் குடு" என்றார்.

"ஷெட்டே இல்ல, பட்டை எதுக்கு?"

"குடேன்."

நேற்று மாமியாரைப் பார்க்கக் கொழுந்தன் வந்தான். அதே வண்டிதான். நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தான்.

"கம்பெனியிலதான் விட்டேன் அண்ணி. ரெண்டு மடங்கு காசு, போனாப் போகுது. ஆனா வேலைன்னா அது வேலை! பழைய பிரேக் பேடைக்கூடக் கழுவித் துடைச்சுப் பெட்டியில வச்சிருக்காங்க. அண்ணனும்தான் கட்டிக் குடுப்பான். ஆனா அவங்க குடுத்தா ஒரு நம்பிக்கை வருது, பாருங்க."

நான் எழுந்துபோய் டிக்கியைத் திறந்தேன். பட்டையின் நுனி எலி கடித்த மாதிரி இருந்தது. வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியாலேயே அவன் மண்டையில் போட்டிருப்பேன். பின்னாலேயே வந்த இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாத. தெரிஞ்சா வேற எங்கயாவது போயிடுவான். அவன் பிரேக்கை நானே பாத்துக்கறேன்."

அடுத்த சர்வீஸ் ஆறு மாதம் கழித்தாம். அதற்குள் நான் இன்னும் ரெண்டு பட்டை வெட்டி வைக்க வேண்டும்.