சித்தி வரைந்த கடல்

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கடல் பார்க்க ஆசைப்பட்டால் ரெண்டு பஸ் மாற வேண்டும். நான் மாறவில்லை. சித்தப்பாவின் போட்டோ ஸ்டூடியோவிலேயே பார்த்துவிட்டேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் படம் எடுக்க வரும் கூட்டத்துக்கு, பின்னால் தொங்கவிடப் புதுத் திரை வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த சித்தி, நானே வரைகிறேன் என்று உட்கார்ந்தாள். ஆயில் பெயிண்டும் டர்ப்பன்டைனும் சேர்ந்த நெடி தெருமுனை வரை வந்தது. சாம்பலும் வெள்ளையும் குழைத்துப் பூசி, வானமும் தண்ணீரும் சேருகிற கோட்டைப் பழைய வேட்டித் துணியால் மெல்லத் தேய்த்தாள். கோடு போய்விட்டது. யம்மா! சுவர் இருந்த இடத்தில் இப்போது முடிவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கையை நீட்டினேன்.

"ஏட்டி, தொடாத! இன்னும் காயல."

சித்தப்பாவுக்குக் கடல் என்றால் காலண்டரில் இருப்பதுதான். "என்னட்டி இது, அடுப்புப் பொகை மாதிரி? நீலம் எங்க? தென்னமரம் எங்க?" என்று குதித்தார். தபசுக்கு முன்னால் போர்டு எழுதுகிற ஆளை வைத்து மேலேயே நீலம் அடித்துவிடப் போவதாகச் சொன்னார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சாம்பல் பனிக்குள் சின்னதாய் ஒரு கப்பலை வைத்தாள்.

போர்டுக்காரர் நீல டின்னோடு வந்த அன்றைக்கே, கடையநல்லூரிலிருந்து ஒரு அக்கா கைக்குழந்தையோடு படம் எடுக்க வந்தாள்.

"இவன் வாப்பா துபாய் போகையில இவன் வயித்துல இருந்தான். பிள்ளைய இன்னும் பாக்கலை, படம் அனுப்பணும்" என்றாள்.

திரையைப் பார்த்தவள் காமிராப் பக்கம் திரும்பவே இல்லை. "இங்கன பாரும்மா" என்று சித்தப்பா கெஞ்சினார்.

"அது வார கப்பலா, போற கப்பலா?"

சித்தி சட்டென்று, "வாரதுதாம்மா" என்றாள். அந்த அக்கா முக்காட்டைச் சரிசெய்து, குழந்தையின் முகத்தைத் துடைத்து, சிரித்தபடி திரும்பினாள். படம் எடுத்து முடித்ததும் சித்தப்பா போர்டுக்காரரிடம், "வாசப் போர்டுக்கு மட்டும் நீலம் அடியும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

எல்லாரும் போனபின் திரையில் மூக்கு ஒட்டப் பார்த்தேன். கப்பலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஒரு சாம்பல் தீற்றல்தான். பாவம் அந்த அக்காவிடம் இப்படிப் பொய் சொல்லிவிட்டாளே என்று, சித்தியோடு ரெண்டு நாள் பேசவில்லை.