இரண்டு ஸ்லாட் போர்டு

என் தம்பி தன் கையால் கடைசியாக எழுதியது ஒரு சாமான் பட்டியல். மளிகைச் சாமான் இல்லை, கம்ப்யூட்டர் சாமான். அதை நான் தப்பாகப் படித்துவிட்டேன். அந்தத் தப்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் வீடுகளின் உட்புறத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிறவன். இன்னும் கட்டாத சமையலறையை, ஜன்னல் வழியாக மேடையில் விழும் வெயில் உட்பட, அப்படியே படமாகக் காட்டிவிடுவான். வயிற்றில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, கீமோவும் முடிந்தபோது வேலை போயிருந்தது. ஆபீஸ்காரர்கள் வேன் கொண்டுவந்து அவர்களுடைய கம்ப்யூட்டரை எடுத்துப்போனார்கள். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக இருந்தது. அதைத் துடைத்தபடியே தம்பி சொன்னான்: "நமக்குன்னு ஒண்ணு அசெம்பிள் பண்ணிக்கலாம் அக்கா. பாகம் பாகமா வாங்கி நானே மாட்டுறேன்."

செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம். சைனிக்புரியில் ஒரு பல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்காருவது என் வேலை. பல்வலிக்காரர்கள் பேசமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கூட வருகிறவர்கள் பேசுவார்கள். அப்படிக் கேட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். பத்தாவதோடு நின்றவள் நான். தமிழ் எழுத்தைக்கூடப் பழைய வாரப் பத்திரிகைகளை வைத்து நானாகத்தான் கற்றேன். கம்ப்யூட்டரையும் அப்படியே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெலுங்கு வீடியோக்கள் பார்த்துக் கற்றேன்.

ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"பிராசசர்தான் மூளைங்கறான் இந்த வீடியோ ஆளு. அப்ப ராம் என்னடா?"

"சமையல் மேடை. மேடை பெரிசா இருந்தா எல்லாத்தையும் பரப்பிவெச்சு வேலை பண்ணலாம்."

"அப்ப மதர்போர்டு?"

"உன்ன மாதிரி. எல்லாரையும் புடிச்சு ஒரு இடத்துல உக்காரவெக்கும். சத்தம் மட்டும் போடாது."

"நக்கோடா, வேணாம், அடி வாங்குவ."

கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. எதை வேண்டுமானாலும் இன்றைக்கு மலிவாக வாங்கலாம். இரண்டை மட்டும் நாளையை நினைத்து வாங்க வேண்டும். ஒன்று மதர்போர்டு. ராம் செருக அதில் நாலு ஸ்லாட் இருந்தால், இன்றைக்கு ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு மற்ற மூன்றை விட்டுவைக்கலாம். இன்னொன்று எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். தேவைக்கு மேல் வாட் இருந்தால், பிறகு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் தாங்கும். தம்பி எழுதிய முதல் பட்டியல் அப்படித்தான் இருந்தது. நாலு ஸ்லாட் போர்டு, அறுநூற்றைம்பது வாட். ஓரத்தில் அம்புக்குறி போட்டு "பிறகு", "அடுத்த தீபாவளி" என்றெல்லாம் எழுதியிருந்தான். மானிட்டர் மட்டும் மட்டமானது. "பரவால்ல, அப்புறம் மாத்திக்கலாம்" என்றான். அந்த மாதம் அவன் வாயில் எத்தனை "அப்புறம்"! அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும் எனக்கு.

பிறகு ஒரு புதன்கிழமை, ஆறு மாத ஸ்கேன் முடிவு வாங்கப் போனோம். மருந்துக் கடை வரிசை நீளமாக இருந்தது. "நீ நில்லு, நான் டாக்டரப் பாத்துட்டு வரேன்" என்று தனியாக உள்ளே போனான். டாக்டர் சொன்னதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குத்தான் ஒன்பது நாள் கழித்துத் தெரிந்தது. நோய் ஈரலுக்குப் போய்விட்டது. வருஷக் கணக்கு இல்லை, மாதக் கணக்குதான்.

வெளியே வந்தவன், "ஹவ், ஆமா, எல்லாம் சரி" என்றான். ஆட்டோவில் ஏறியதும், "பட்டியல கொஞ்சம் மாத்தணும் அக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து புதுத் தாளில் எழுதினான். போர்டு இரண்டு ஸ்லாட், இரண்டிலும் ராம். எஸ்.எம்.பி.எஸ். நானூற்றைம்பது. அதில் மிச்சமானதை எல்லாம் மானிட்டரில் போட்டிருந்தான். கலர் அச்சு அசலாகக் காட்டும் மானிட்டராம். ஓரத்தில் ஒரு அம்புக்குறிகூட இல்லை.

"இது கைக்குடா, எதுக்கு? நாலு ஸ்லாட்தான வேணும்னு ஒரு மாசமா உயிரை வாங்குன?"

"ரெண்டு ராம் சேர்த்துப் போட்டா வேகம் ஜாஸ்தி. நீ வீடியோ பாக்கலியா?"

பார்த்திருந்தேன், உண்மைதான். ஆனாலும் நான் வேறு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பாசத்தை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குறைத்துக்கொள்வோம். கருகிய தோசையை அவன் எடுத்துக்கொண்டு, "எனக்கு முறுகல்தான் புடிக்கும்" என்பான். பால் ஒரு தம்ளருக்குத்தான் இருந்தால் எனக்கு அன்றைக்கு வரக் காப்பிதான் இஷ்டம். இரண்டாவது பட்டியலை நான் அந்தத் தோசை போலப் படித்தேன். அக்காவுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று தன் ஆசையை வெட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். இதற்குப் பதில் மரியாதை செய்யாவிட்டால் நான் என்ன அக்கா?

அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு செகந்திராபாத் பார்க் லேனுக்குப் போனேன். தம்பி மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, ஒரு பாயின் கடையை முடிவு செய்திருந்தான். பாய் பேசுவது உருது. எனக்கு ஆனமட்டும் தமிழில் எழுதுகிறேன். அக்காவை அவர் ஆப்பா என்பார். பட்டியலைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆப்பா, இதை எழுதினது யாரு?"

"தம்பி."

"விஷயம் தெரிஞ்ச புள்ளை. மானிட்டர் நவாப் வீட்டுக்கு எடுத்திருக்கார். போர்டும் பவரும் மட்டும் கைக்கு இவ்வளவு சின்னது? நாளைக்கு ஒண்ணு சேர்க்கணும்னா இடம் எங்க?"

"அதான் பாய், நானே சொல்லலாம்னு இருந்தேன். அந்த ரெண்டும் பெரிசா கொடுங்க. அவனுக்குச் சொல்லாதீங்க."

பாய் சிரித்தார். "ஹவ் ஆப்பா. அக்கான்னா இப்படி இருக்கணும்." அந்த வார்த்தையை பஸ்ஸிலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் பெட்டிகளைச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கினேன். மானிட்டர் பெட்டியைத் தடவிப் பார்த்தான். பிராசசரை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். போர்டு பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் இருந்த எழுத்தைப் படித்ததும் அவன் முகம் மாறியது.

"கடைக்காரர் மாத்திக் கொடுத்துட்டாரா?"

"நான்தான் மாத்தினேன். நீ எனக்காகக் கொறைச்சா எனக்குத் தெரியாதா? பெரிய மனுஷன்!"

அவன் சிரிப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, நான் உனக்காகக் கொறைக்கல. மிச்ச ஸ்லாட்டுல எப்ப போடுவேன்?"

"அடுத்த தீபாவளிக்கு. நீதான எழுதின."

"அது புதன்கிழமைக்கு முன்னாடி."

அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் டாக்டர் சொன்ன எல்லாவற்றையும், ஒரு வீட்டுக்காரருக்கு வரைபடத்தை விளக்குகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னான். நான் என்னென்னவோ பேசினேன். டாக்டருக்கு என்ன தெரியும் என்றேன், வேலூருக்குப் போகலாம் என்றேன், மலை மேலிருக்கும் தர்காவுக்கு வேண்டிக்கொள்கிறேன் என்றேன். ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்திருப்பவளுக்கு அன்றைக்கு உபயோகமாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"போலாம். எங்க சொல்றியோ வரேன்" என்றான். "ஆனா இதை மாத்திட்டு வந்துடு அக்கா."

"இருந்துட்டுப் போகட்டுமேடா. இடம் இருந்தா உனக்கு என்ன வலிக்குது?"

"வலிக்குது. மூடியக் கழட்டும்போதெல்லாம் அது ரெண்டும் காலியா என்னைப் பாக்கும். எனக்கு எல்லாம் ரொம்பி இருக்கணும். இருக்கறவரைக்கும் ஒரு கொறையும் இல்லாம ஓடணும். நல்ல மானிட்டர்ல, நல்ல கலர்ல, நாலு வீடு வரையணும். அவ்வளவுதான்."

நான் மாட்டேன் என்றேன். அந்த இரண்டு பெட்டிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் டாக்டர் சொன்னதை நானே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.  இரண்டு நாள் அவன் புது மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, இணைக்க ஒன்றும் இல்லாமல், மேஜையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இருந்ததே எண்ணிக்கொள்ளும்படியான நாட்கள். அதில் இரண்டை நான் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தேன்.

சீல் உடைக்காத பெட்டிகளைப் பார்த்துவிட்டு பாய், "கம்ப்ளெய்ன்ட்டா ஆப்பா?" என்றார்.

"இல்ல பாய், நல்ல சாமான்தான். தம்பி எழுதினதே கொடுங்க."

"சொல்றதைக் கேளுங்க. ஒரு வருஷம் கழிச்சு நீங்களே இங்க வந்து, ஏன் சின்னதைத் தலையில கட்டினேன்னு என்னைத் திட்டுவீங்க."

"திட்டமாட்டேன் பாய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சின்னப் பெட்டிகளை எடுத்துவந்தார். காசு வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நோட்டுகளை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே தம்பி மாட்ட உட்கார்ந்தான். பிராசசரை வைத்தான், விசிறியை முடுக்கினான். ராம் மட்டும் அவனால் முடியவில்லை. அதை நேராக நிறுத்தி இரண்டு கட்டைவிரலாலும் பலமாக அழுத்த வேண்டும். கீமோவுக்குப் பிறகு அவன் விரல்களில் அந்த பலம் இல்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"நீ அழுத்து அக்கா."

"உடைஞ்சிருமேடா."

"உடையாது. அழுத்து."

அழுத்தினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. இரண்டாவதை எடுத்து என் கையில் கொடுத்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதையும் போட்டால் காலி ஸ்லாட் ஒன்றும் மிச்சமில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. பிறகு அதையும் அழுத்தினேன்.