கழுவிய வெள்ளிக் காசு

அரெக்கிபா நகரத்து நாணயச் சங்கத்தில் கிளாடிஸ் பெத்ரெகாலைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஏலத்தில் அவள் ஒரு காசுகூட அதிகம் கொடுத்து எதையும் வாங்கியதில்லை என்பார்கள். அது பொய்யில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அவள் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். முதல் ஆளாக விலை கேட்க மாட்டாள். எதற்கு எவ்வளவு வரை போகலாம் என்பதைச் சங்கத்துக் கமிஷன் போக முன்பே முடிவு செய்து, இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். விலை அதைத் தாண்டினால் கை மடிக்குப் போய்விடும். "அடுத்த மாசமும் காசு வரும்" என்பாள், யாராவது வருத்தப்பட்டால்.

சங்கத்தில் எல்லோருக்குமே இன்னொரு பழக்கம் இருந்தது. ஏலத்துக்கு முன்னால் காசுகளை மேசைமேல் பரப்பி வைத்திருக்கும்போது, வேண்டியதை அரைப் பார்வை பார்க்க வேண்டும், வேண்டாததை லென்ஸ் வைத்து முழுசாகப் பார்க்க வேண்டும். மற்றவன் மோப்பம் பிடித்துவிடக் கூடாது. எல்லோரும் இதையே செய்ததால், யார் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதே பாதி வேலையாகிவிட்டது. அதிலும் கிளாடிஸின் கண்ணை யாராலும் படிக்க முடிந்ததில்லை.

மே மாதம் அவள் புருஷன் ஆபெல் இறந்துபோனான். நகரப் பேருந்து ஓட்டுநர். கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தான் என்று நடத்துநர் சொன்னான். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு கிளாடிஸே காபி ஊற்றினாள். யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. மறுநாள் கம்பளி நூல் கடையைத் திறந்தாள். மலையில் பனி விழுந்தால் ஊரில் எல்லோருக்கும் எரிச்சல் பிடித்துக்கொள்ளும். அதை 'நெவாடா' என்பார்கள். கிளாடிஸுக்கும் நெவாடாதான், போகப் போகச் சரியாகும் என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவளுக்கு எரிச்சல்கூட வரவில்லை. நாத்தனார் தினமும் போன் செய்து, "அழுதுடு கிளாடிஸ், ஒருதடவை அழுதுட்டா சரியாயிடும்" என்றாள். "சரி" என்றாள் கிளாடிஸ். இத்தனை கிலோ நூல் அனுப்பி வை என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படி.

ஜூலை ஏலம் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் காலையில் அடோபோ சாப்பிட்ட கையோடு, மிளகாயும் பன்றிக்கறியும் மணக்க மணக்க வந்திருந்தார்கள். மேசைமேல் ஒரு தட்டில், பழைய வெள்ளி சோல் நாணயம் ஒன்று கரண்டி மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. 1872 என்று போட்டிருந்தது. கழுவிய காசு. தேய்த்துக் கழுவிய காசை நாணயம் சேர்ப்பவர்கள் தொடமாட்டார்கள். உள்ளே இருக்கும் வெள்ளிக்கு என்ன விலையோ அதுதான் அதற்கும்.

கிளாடிஸ் அதை எடுத்தாள். விளிம்பில் அவளுக்குத் தெரிந்த ஒரு சின்ன வெட்டு இருந்தது. உட்கார்ந்திருக்கும் பெண் உருவத்தின் மேல், வட்டம் வட்டமாகக் கீறல்கள். பேருந்தின் முன்விளக்கைத் துடைக்கிற மாதிரி, நடுவில் தொடங்கி வெளியே போகிற வட்டங்கள்.

கல்யாணமான இரண்டாம் வருடம். அவள் பிறந்தநாளன்று ஆபெல் சமையலறையில் சோடா உப்பு, எலுமிச்சை, இரும்பு நார் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவளுடைய நல்ல காசு ஒன்றைத் தேய்த்து, ஈரக் கையோடு கொண்டுவந்து நீட்டினான். "பாரு, இப்பதான் அடிச்ச மாதிரி இருக்கு!" அவள் "நல்லா இருக்கு" என்றாள். அந்த வாரமே அதை எடைக்குப் போட்டுவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் பேங்க் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றாள். அவன் அதை நம்பினான். பயணிகளிடம்கூடச் சொல்லியிருந்தான்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. நிமிர்ந்தபோது, மோட்டார் சைக்கிள் பாகம் விற்கிற பெர்சி லினாரெஸ் காபிக் கோப்பையை வாயருகே வைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல் டாக்டர் உகார்த்தே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"என்ன டோனியா கிளாடிஸ், பழைய காதலனப் பாத்த மாதிரி பாக்கறீங்க?" என்றான் பெர்சி. பெண்ணுக்கு டோனியா, ஆணுக்கு டோன் என்பது அந்த ஊர் மரியாதை.

"கழுவின காசு."

"கழுவின காசையா இவ்ளோ நேரம்? என்னை இப்படிப் பாப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா நானும் குளிச்சிட்டு வந்திருப்பேனே." சொன்ன பிறகுதான் மே மாதம் அவனுக்கு நினைவு வந்தது. முகம் சிவந்து, "மன்னிச்சுக்குங்க" என்றான்.

"பரவால்ல" என்றாள். பரவாயில்லைதான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காசு வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. ஆபெலின் கை பட்ட வேறு எதையும் பார்த்து அவளுக்கு எதுவும் வரவில்லை. சட்டைகளை மடித்துக் கொடுத்தாயிற்று. செருப்பையும் கொடுத்தாயிற்று. இது கையில் இருந்தால் ஒருவேளை ஏதாவது வரும்.

பெஞ்சில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். வெள்ளி விலை, கொஞ்சம் கூட, கமிஷன் போக. உள்ளங்கையில் தொண்ணூறு என்று எழுதினாள். பழகிய கை, அதுவே கணக்குப் போட்டுவிட்டது.

ஏலம் விடுவது டோன் ரொலாந்தோ, வேலையை விட்டுவிட்ட செருப்புத் தைப்பவர். பழைய தோல் சுத்தியால்தான் மேசையைத் தட்டுவார். "அடுத்தது, 1872, கழுவினது. பல்லு வெளக்கின காசு, டாக்டருக்குப் பிடிக்கும். அறுபதுல ஆரம்பிக்கலாமா?"

சிரித்தார்கள். பெர்சி கை தூக்கினான். "அறுபது!"

"எழுபது" என்றார் உகார்த்தே, சிரிக்காமல்.

"எண்பது" என்றான் பெர்சி.

கிளாடிஸ் கை தூக்கினாள். "தொண்ணூறு."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளாடிஸ் பெத்ரெகால் கழுவின காசுக்குத் தொண்ணூறு கேட்கிறாள் என்றால் அதில் என்னமோ இருக்கிறது. அச்சு மாறியிருக்கும். எழுத்தில் ஏதாவது பிழை இருக்கும். பெர்சி பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்துவிட்டு, அது தன் சக்திக்கு மேல் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டான்.

"நூறு" என்றார் டாக்டர்.

கிளாடிஸின் கை மடிக்குப் போயிற்று.

"நூறு, ஒருதரம்" என்றார் ரொலாந்தோ.

தூக்கு என்று கைக்குச் சொன்னாள். தலைக்கடியில் வைத்துத் தூங்கி மரத்துப்போன கை மாதிரி அது கிடந்தது. அவளிடம் பணம் இருந்தது. இருநூறு, முந்நூறு, எவ்வளவானாலும் கொடுக்கலாம்.

"ரெண்டுதரம்." ரொலாந்தோ சுத்தியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவர் யாரையும் கேட்டதில்லை. இன்று கேட்டார். "டோனியா கிளாடிஸ்? நீங்க?"

"இல்ல" என்றது அவள் வாய். இருபது வருடமாகச் சொன்ன அதே குரலில்.

சுத்தி விழுந்தது.

வாசலில் டாக்டரைப் பிடித்தாள். "டாக்டர், அதை எனக்குக் குடுத்துடுங்க. முந்நூறு தரேன்."

அவர் கை தானாகக் கோட்டுப் பையை மூடிக்கொண்டது. முதலில் பயந்தவர் மாதிரி இருந்தார், பிறகு மெல்லச் சந்தோஷப்பட்டார். "உள்ளே தொண்ணூறுக்கு மேல போகல. வெளியில முந்நூறா? என்னங்க இது?"

"அது வெறும் கழுவின காசு. என் வீட்டுக்காரர் கழுவினது."

பெர்சி கேட்டுக்கொண்டே வந்தான். "ஐயோ, இதை நம்பிடாதீங்க டாக்டர். செத்த மனுஷனையே ஏலத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க!"

"நெஜமாத்தான் சொல்றேன்" என்றாள் கிளாடிஸ். அழுதுகொண்டே சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அவள் முகத்தில் எப்போதும்போல ஒன்றுமில்லை. அந்த முகத்துக்குத்தான் அவர்கள் இத்தனை வருடமாகப் பயந்தார்கள்.

"நானூறுன்னாலும் குடுக்கமாட்டேன்" என்றார் டாக்டர், மரியாதையாகத்தான். "பாக்கணும்னா கிளினிக்குக்கு வாங்க. பல்லையும் பாத்துடலாம்."

செவ்வாய்க்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு அவள் போனாள். பல் ஒன்றும் வலிக்கவில்லை. ஆனால் உகார்த்தே கண்ணாடியை வைத்துப் பார்த்து, கீழ்த்தாடையில் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார். "இது ரொம்ப நாளா இருக்கு. உங்களுக்குத் தெரியலியா?"

"தெரியல."

ஊசி போட்டார். மரத்துப்போகக் கொஞ்சம் நேரம் ஆகும் என்றார். அந்த நேரத்தில் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, உள்ளறைக்குப் போய்ப் பிளாஸ்டிக் டப்பியில் அடைத்த காசைக் கொண்டுவந்தார். அவள் மடியில் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார், அவள் கண் எங்கே போகிறது என்று பார்க்க.

கிளாடிஸ் டப்பியைத் திறந்தாள். கட்டை விரலை அந்தப் பெண் உருவத்தின் மேல் வைத்து அழுத்தினாள். காசு சேர்ப்பவர்கள் யாரும் செய்யாத காரியம். டாக்டர் எழுந்தே விட்டார். "ஐயய்யோ, விரல் படுதுங்க!"

வட்டம் வட்டமாக இருந்த கீறல்கள் விரலுக்குத் தெரிந்தன. நடுவில் ஆழமாக, ஓரத்துக்குப் போகப் போக லேசாக. ஓரத்துக்கு வரும்போது கை வலித்திருக்கும். மறுபுறம் திருப்பினாள். அங்கே பாதியோடு நின்றிருந்தது. அன்று அடுப்பில் பால் பொங்கி, அவன் ஓடினான். சேவலைத் துரத்துகிறவன் மாதிரி கரண்டியோடு ஓடினான்.

"எங்கே இருக்கு? அந்த ஏழுலயா?" என்றார் டாக்டர் குனிந்து. "ஏழுலதானே?"

அவள் பேசப் பார்த்தாள். பாதி வாய் அவளுடையதாக இல்லை. "இதைத் திரும்பக் கழுவிடாதீங்க" என்றாள். வார்த்தை குழறித்தான் வந்தது.

"நான் எதுக்குங்க கழுவறேன்?" என்றவர் நிறுத்தினார். மேசையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து நீட்டினார். வாயில் எச்சில் ஒழுகுகிறது என்று நினைத்து அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"வாய் இல்லீங்க" என்றார் உகார்த்தே. "கண்ணு."

மரத்த பக்கத்துக் கன்னம் முழுவதும் நனைந்திருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. பஞ்சை அங்கே ஒற்றிப் பார்த்தாள், அது ஊறிப்போயிற்று. இன்னொன்று கொடுத்தார். அவர் ஏழையும் பார்க்கவில்லை, எழுத்தையும் பார்க்கவில்லை. துளையிடும் இயந்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப, அச்சுப் பிழை எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"நெஜமாவே அவர்தான் கழுவினாரா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நூறு சோல் போச்சு" என்றார் தனக்குத்தானே. பிறகு, நீங்களே வெச்சுக்குங்க, கமிஷனோட நூத்திப் பத்து, அதுக்கு மேல ஒரு காசு வேணாம், சொத்தைக்குத் தனி என்றார். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, "வாயைத் திறங்க" என்றார். அவள் காசை வலது கைக்குள் மூடிக்கொண்டு திறந்தாள்.