நடுவில் ஒலிக்காத ஹார்ன்

தினமும் காலையில் ஒரு மலாய்க்காரர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்ககத்துச் சிறு சாலை பெரிய சாலையில் ஏறும் சந்தியில், மடக்கு மேசை போட்டு நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்பவர். நானும் அசைக்கிறேன். சும்மா ஒரு அசைப்பு அல்ல. முன்னுக்கு, பின்னுக்கு, மறுபடியும் முன்னுக்கு, அரிசியைக் கண்ட கோழி மாதிரி. இந்த இந்தியர்களுக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று மனிதர் பூரித்துப் போயிருக்கிறார். ஒரு நாள் பொட்டலம் வாங்க வந்தவரிடம் என்னைக் காட்டிப் பெருமையாக ஏதோ சொன்னார். உண்மையில் நான் அவரைப் பார்ப்பதே இல்லை. என் காரின் வலது கூரைத் தூணுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறேன். பயபக்தி என்பார்களே, அதில் என்னிடம் இருப்பது முதல் பாதி மட்டும்தான்.

காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பினாங்கில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். பாதிப் பேர் அதைத்தான் ஓட்டுகிறார்கள். சின்ன கார், கெட்டிக்காரக் கார். சூலியா தெருவில் லாரிக்கும் காய்கறி வண்டிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நுழைந்து வெளியே வந்துவிடும். பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும். எனக்கும் அதன்மேல் பிரியம்தான், அதில்தான் சிக்கல். மோசமான கார் என்றால் விற்றுவிடலாம். நல்ல காரின் குறைகளோடு குடித்தனம்தான் நடத்த வேண்டும். டம்ளர் வைக்கும் குழியை நேராக ஏசி வாய்க்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். சுடச்சுட ஆற்றிய தே தாரிக் டீ வாங்கி வைத்தால் அடுத்த சிக்னலுக்குள் சர்பத் ஆகிவிடும். முன் இருக்கையில் ஒரு பப்பாளிப் பழத்தை வைத்தால், பப்பாளிக்கு பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தொழில். தீவின் தென்கோடியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். அதே வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் பார்ப்பதாக என் மனைவி சுமதி சொல்வாள்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய குறைகள் இவை. சிரிக்க முடியாதவை இரண்டு. முன்கண்ணாடியின் வலது ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண், என் கை அகலத்துக்கு மேல் இருக்கும். சந்தியில் நிற்கும்போது வலப்பக்கமிருந்து வரும் மோட்டார் சைக்கிள் முழுசாக அதற்குள் ஒளிந்துகொள்ளும், ஆள், ஹெல்மெட், பின்னால் கட்டிய கேஸ் சிலிண்டர் உட்பட. இரண்டாவது, ஹார்ன். உலகமெங்கும் ஸ்டியரிங்கின் நடுவில் இருப்பது, இதில் இரண்டு பக்கக் கம்பிகளில் சட்டைப் பொத்தான் அளவில் இருக்கிறது. நடுவில் அமுக்கினால் சத்தம் வராது. சக்கரத்தைத் திருப்பிவிட்டால் பொத்தான் எங்கே போயிற்று என்று அதைச் செய்தவருக்கே தெரியாது.

இதற்கெல்லாம் ஒருவன் பயப்படுவானா என்று கேட்பவர்கள் மதுரையில் கார் ஓட்டக் கற்றவர்களாக இருக்க முடியாது. நாங்கள் கண்ணால் ஓட்டுவதில்லை, காதால் ஓட்டுகிறோம். பிரேக் இல்லாத வண்டியைக்கூட எங்கள் ஊரில் விற்றுவிடலாம், ஹார்ன் இல்லாத வண்டியைத் தானமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. சிம்மக்கல்லில் ஒரு திருப்பத்தில் திரும்பினால், ‘நான் இருக்கேன்’, ‘நானும் இருக்கேன்’, ‘பால்வண்டி வருது, ஒதுங்கு’ என்று நாலு திசையிலிருந்தும் செய்தி வந்துகொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் யார் எங்கே என்று சொல்லிவிடலாம். பினாங்கில் ஹார்ன் என்பது வசவு. மிகவும் கோபம் வந்தால் மட்டும் அடிப்பார்கள், அடித்தவனை ஊரே திரும்பிப் பார்க்கும். மோட்டார் சைக்கிள்காரர்கள் சத்தமில்லாமல், நாகரிகமாக வருகிறார்கள். நாகரிகமாகவே தூணுக்குள் மறைகிறார்கள். வந்த புதிதில் அந்த அமைதியை ஊருக்குப் போன் போட்டுப் புகழ்ந்தேன். இப்போது அந்த அமைதிதான் பயமுறுத்துகிறது.

லூர்து அக்கா எங்களுக்குக் கீழ்த் தளத்தில் இருக்கிறார். மாதா கோவில் பக்கத்தில் ஒரு தாடிக்காவில், அதாவது மழலையர் பள்ளியில், டீச்சர். ஒரு நாள் காலை அதே சந்தியில் வலப்பக்கம் பார்த்தேன், சாலை காலி. காரை நகர்த்தினேன். தூணுக்குள்ளிருந்து, சுவரைத் துளைத்து வந்ததுபோல, ஒரு சிவப்பு ஹெல்மெட் என் பம்பருக்கு முன்னால் முளைத்தது. பிரேக்கை மிதித்த அதே நேரம் உள்ளங்கையால் ஸ்டியரிங்கின் நடுவை அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். கனவில் கத்தும்போது குரல் வராதே, அப்படி. மோட்டார் தள்ளாடி, நிமிர்ந்து, நின்றது. ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றினால், காலைப் பூசை முடித்து வீடு திரும்பிய லூர்து அக்கா.

“ஏண்ணே, காலையிலேயே என்னைக் கர்த்தர்கிட்ட அனுப்பப் பாக்குறீங்களா? பிள்ளைங்களுக்கு இன்னும் ஏபிசி முடியலலா!”

“அக்கா, பாத்தேன், சத்தியமா நீங்க தெரியல.”

“இந்த உடம்பு தெரியலயா? நல்லா பொய் சொல்றீங்க. கடைல வாங்குன துணியே பத்தாம ரெண்டைச் சேத்துத் தச்சுப் போட்டிருக்கேன், தெரியலயாம்!”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியவில்லை. என் காரில் கிளட்ச்சே கிடையாது என்பது தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரக் கடைசியில் காரைச் சர்வீஸுக்கு விட்டபோது, கவுண்டரில் இருந்த சீனத் தம்பியிடம் ஆங்கிலத்திலும் மலாயிலும் கையசைப்பிலும் முறையிட்டேன்.

“ஹார்ன் ரோசாக்கா, அங்கிள்?” என்றான். கெட்டுப்போய்விட்டதா என்கிறான்.

“கெடவில்லை. இடம்தான் தப்பு. நடுவில் இல்லை.”

 அவன் மிகவும் பரிவாக, “யார்மேல் கோபம், அங்கிள்?” என்று கேட்டான்.

கோபமில்லை, பயம் என்று எப்படி விளக்க! தூணைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தூண்தான் இந்தக் காரின் சிறப்பாம். கார் உருண்டாலும் உள்ளே இருப்பவருக்கு ஒரு கீறல் விழாதாம். “ரொம்ப ஸ்ட்ராங், அங்கிள். நீங்கள் பயப்படவே வேண்டாம்!” அன்று முழுவதும் அந்தப் பதில் என்னைக் குடைந்தது. எதிரே வருபவரை மறைக்கும் அதே இரும்புதான் என்னைக் காப்பாற்றுகிறது. அதை என்னவென்று எழுதி எந்தப் பிரிவில் சேர்ப்பது? என் தொழிலில் அதற்குப் பெயரில்லை.

கோழியாட்டம் அப்போது தொடங்கியதுதான். கழுத்தை நீட்டித் தூணுக்கு முன்னால் பார், இழுத்துப் பின்னால் பார். போன விடுமுறையில் மதுரையில் சுமதியின் தம்பி காரை வாங்கி ஓட்டியபோதும் அது நிற்கவில்லை. “மாமா, கோயிலே இல்லாத முக்குல எந்தச் சாமிக்குக் கும்பிடு போடுறீங்க?” என்றான். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் அதைவிட விரிவாகக் கேட்டார்.

இந்தப் பயத்தோடு ஏதோ காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் லூர்து அக்காவின் தாடிக்காவில் சுமதிக்கு வேலை கிடைத்தது. கூடவே அவள் ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கினாள். மதுரையில் ஸ்கூட்டியை ஓட்டியவள். லைசென்ஸ் சுலபமாக வந்துவிட்டது. என்னைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

“நானே கொண்டுபோய் விடுறேனே” என்றேன்.

“உங்க கார்லயா? பப்பாளிக்கே அதுல மரியாதை இருக்கு, எனக்கு இல்ல. ஏசியைக் குறைன்னா குறைக்க மாட்டீங்க.”

“சுமதி, கார்க்காரன் கண்ணுக்கு நீ தெரிய மாட்ட. உள்ள உக்காந்து பாத்தவன் சொல்றேன். அந்தச் சந்தில மட்டுமாவது ஹார்ன் அடிச்சிட்டு வா.”

“இங்க ஹார்ன் அடிச்சா வையிறதா நெனப்பாங்க. காலங்காத்தால ஊரை வஞ்சுக்கிட்டா வேலைக்குப் போறது? மானம் போயிரும்.”

வந்த கொஞ்ச நாளில் அவள் இந்த ஊர்க்காரியாகிவிட்டாள் என்று எனக்கு வருத்தம். அவள் முன்னால் கிளம்புவாள், நான் பின்னால் கிளம்புவேன். சந்தியில் அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் சாலையில் ஏறிக் கண்ணிலிருந்து மறையும்வரை மூச்சு விடமாட்டேன்.

போன வாரம் நல்ல மழை. அவள் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் நான் சந்திக்கு வந்தேன். என் காரின் வைப்பர், இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நாட்டுக்காரருக்காக வடிவமைத்தது போலிருக்கும். என் பக்கம் தூணை ஒட்டி ஒரு பட்டையைத் துடைக்காமல் விட்டுவிடும். தூணோடு அந்தப் பட்டையும் சேர்ந்து வலது பக்கம் ஒரு சுவராகிவிட்டது. தலையை முன்னால் நீட்டினேன், தண்ணீர். பின்னால் இழுத்தேன், இரும்பு. ஒன்றுமில்லை என்று நினைத்துக் காலைத் தளர்த்தினேன். கார் நகர்ந்தது.

பீப், பீப்.

தூணுக்குள்ளிருந்து வந்தது. கோபமில்லாத, சின்னச் சத்தம்; இரட்டை ஹார்ன்; ‘நான் இருக்கேன்.’ அந்தப் பாஷையில் பேச இந்தத் தீவில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான். பிரேக்கில் ஏறி நின்றேன். பம்பரின் வலது மூலையை ஒட்டி, மழைச்சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, மஞ்சள் ஹெல்மெட் கடந்து எங்கள் சிறு சாலைக்குள் திரும்பியது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். கடக்கும்போது என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. காரைத் தெரியும் அவளுக்கு, அதன் தூணையும்.

பொட்டலம் வாங்க நின்றவர்கள் குடைக்கடியிலிருந்து திரும்பி, யார் யாரை வைகிறார்கள் என்று தேடினார்கள். நாசி லெமாக்காரர் முகம் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, எப்போதும்போலத் தலையசைத்தார். என் தலை தானாகவே அசைந்து அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளங்கை, அவளுக்குப் பதில் சொல்ல, ஸ்டியரிங்கின் நடுவை அமுக்கிக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.