மகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த பையன்

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கோயில் கேன்டீனில் யாராவது கேட்டால், நான் தோசையை வாயில் போட்டுக்கொண்டு கணவரைக் கை காட்டிவிடுவேன். "பேஸ்பால்" என்பார் அவர். "விளையாடறாளா?" என்பார்கள். இல்லை, விளையாடுகிற பையன்களைப் பார்க்கிறாள் என்பார். "பார்க்கறதுக்குச் சம்பளமா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு எங்களிடம் நல்ல பதில் கிடையாது. ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்து, ரிச்சர்ட்சனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நன்றாகத்தான் இருந்தாள். அதை உதறிவிட்டு இதில் போய்ச் சேர்ந்தபோது நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. வீட்டையே ரெண்டு பண்ணினேன். அவள் கேட்கவில்லை. பிடிவாதம் என்னிடமிருந்து போனதுதான், வேறு யாரைக் குறை சொல்ல?

அவள் வேலையை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். இங்கே பெரிய அணிகள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில், பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கின்றன. டிராஃப்ட் என்று பெயர். எந்த அணி எடுக்கிறதோ அங்கேதான் பையன் போக வேண்டும். உனக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று அவனை யாரும் கேட்பதில்லை. முதல் சுற்றிலேயே எடுத்துவிட்டால் அவனுக்கு வாழ்க்கை அமைந்த மாதிரி. அணி தப்பான பையனை எடுத்துவிட்டால் அந்த வருஷமே வீண். அதனால் ஊருக்கு ஊர் ஆள் வைத்து, பையன்களைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு அணிக்காக, டெக்சாஸ் பக்கத்துப் பையன்களைப் பார்த்து எழுதுகிறவள் என் மகள்.

பிப்ரவரியில் சீசன் தொடங்கியதும் எங்கள் பேர்லேண்ட் வீட்டுக்கு வந்துவிடுவாள். மடக்கு நாற்காலி, தொப்பி, பந்தின் வேகத்தைக் காட்டும் ஒரு கருவி, நான் கட்டிக் கொடுக்கும் புளிசாதம். இவ்வளவையும் காரில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினால் முகமெல்லாம் வெயிலில் கறுத்துத் திரும்புவாள். என்னவோ நிலத்துக்குப் போய்விட்டு வருகிறவள் போல இருக்கும். எங்கே போனாள் என்று சொல்வாள். அங்கே பார்த்ததைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

போன வசந்தத்தில் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும், பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அதனால் இங்கே அவள் பேசுவதாக நான் எழுதுவதில் பாதி என் சொந்தச் சரக்கு.

"இந்த டிராஃப்டோட என் காண்ட்ராக்ட் முடியுதும்மா. எங்க ஃபர்ஸ்ட் ரவுண்டுக்கு என் ஏரியா பையன் ஒருத்தனை வெச்சுப் பெரிய ஆர்க்யுமெண்ட் ஓடிட்டிருக்கு. நான் சொல்றதைக் கேட்டாங்கன்னா என்னை வெச்சுப்பாங்க. கேக்கலைன்னா நெக்ஸ்ட் இயர் வேற யாராவது வருவாங்க."

"யாரு அந்தப் பையன்?"

"சொல்லக் கூடாதும்மா."

"நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கோயில் கேன்டீன் முழுவதும் தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அதுவரை நான் கேட்டதில்லை. இப்போது ஆபீஸ் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு, போனில் பையன்களின் வீடியோ பார்த்தேன். என் கணவர் இன்னும் மோசம். எந்த அணி யாரை எடுக்கும் என்று ஊகம் எழுதுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் இந்த நாட்டில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் படித்துவிட்டு வந்து, சாம்பார் கொதிக்கிற நேரத்தில் எனக்கு ஒப்பிப்பார். அவர்களில் பலர், மகளின் அணி ஆஸ்டினைத் தாண்டி ஒரு கல்லூரியில் ஆடும் பையனைத்தான் எடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். இடது கையால் பந்து எறிகிறவன். நெட்டையாக, காது சிவந்து, எறிவதற்கு முன்னால் தொப்பியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொள்வான்.

"அவனாத்தான் இருக்கும்" என்றார் கணவர்.

"எழுதறவங்க ஆயிரம் எழுதுவாங்க. நம்ம பொண்ணுக்கு அவனைப் பிடிச்சிருக்கான்னு எப்படிங்க தெரியும்?"

"அந்தக் காலேஜுக்குத்தானே திரும்பத் திரும்பப் போறா?"

அது உண்மைதான். மற்ற ஊர்களுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அந்தக் கல்லூரிக்கு மட்டும் ஃப்ரீவேயில் அவ்வளவு தூரம் டிரைவ் பண்ணிக்கொண்டு மறுபடி மறுபடி போனாள். மழையென்று ஆட்டம் தள்ளிப்போனால்கூட அங்கேயே ஹோட்டலில் தங்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்கு மேல் எங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஈரோட்டுப் பக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் பெண் பார்த்த கதைகள் எத்தனை இருக்கின்றன. பிடிக்கவில்லை என்றால் ஒரு தடவையோடு சரி. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், அவ்வளவுதான், கதை முடிந்தது. இரண்டாம் தடவை வண்டி வந்து வாசலில் நின்றால் பூவோடுதான் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாம் தடவையும் வந்தால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். எங்கள் மகள் ஒரு பையனை இத்தனை தடவை போய்ப் பார்க்கிறாள் என்றால் அவனைத்தான் எடுக்கச் சொல்லிப் போராடுகிறாள். இதில் எங்கள் இருவருக்கும் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

முடிவுசெய்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? அர்ச்சனை பண்ணிவிடலாம் என்றேன். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே. இந்த ஊரில் ஆட்டக்காரப் பையன்களின் உயரம், எடை, பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் இண்டர்நெட்டில் கிடக்கிறது. பிறந்த நேரம் மட்டும்தான் இல்லை. கணவர் பஞ்சாங்க ஆப்பில் தேதியைப் போட்டு, அன்றைக்கு முழுக்க ஸ்வாதிதான், நேரம் தேவையில்லை என்று கண்டுபிடித்தார். ஒரு பெரிய இன்ஜினியரிங் சிக்கலைத் தீர்த்தவர் போல முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

சனிக்கிழமை கோயிலில் அர்ச்சகர் பெயரைக் கேட்டார். கணவர் அந்தப் பையனின் பெயரைச் சொன்னார். அர்ச்சகர் தட்டைக் கீழே இறக்கினார்.

"மாப்பிள்ளையா?"

"இல்லைங்க சாமி. தெரிஞ்ச பையன்."

"கோத்திரம்?"

"சிவ கோத்திரம்னே சொல்லிடுங்க."

டெக்சாஸ் பையனின் பெயரோடு 'நாமதேயஸ்ய' சேர்ந்து சந்நிதியில் ஒலித்தபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற ஆன்ட்டி என் தோளைத் தொட்டு, "ரொம்ப சந்தோஷம்மா, எந்த ஊர்க்காரங்களா இருந்தா என்ன" என்றார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேஸ்பாலை முதலிலிருந்து விளக்க வேண்டும். மேலும், உண்மையைச் சொல்கிறேன், அதற்குள் எனக்கு அந்தப் பையன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது. அவன் ஆட்டத்தின் வீடியோக்களில், கூட்டத்தில் அவன் அம்மா எங்கே உட்கார்ந்திருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியும். அவன் எறியும்போது அவள் பார்க்கவே மாட்டாள், குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

டிராஃப்ட் அன்று மகள் அணியின் ஊரில் இருந்தாள். இங்கே சாயங்காலம், ஜன்னல் வழியாக வெயில் டிவி மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அணியாக மேடையில் பெயர் அறிவித்தார்கள். நடுவில், பையன்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதைக் காட்டினார்கள். எங்கள் பையன் நீலக் கோட்டு போட்டு சோபாவில் இருந்தான், இரு பக்கமும் அம்மாவும் அப்பாவும். மகளின் அணியின் முறை வரும் வரை அவனை யாரும் எடுக்கவில்லை. கணவர் எழுந்து நின்றுவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பெயரைச் சொன்னார்கள். அவன் பெயர் இல்லை. கலிபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடித்த வேறு யாரோ ஒரு பையன். திரையில் அந்த வீட்டில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள்.

"போச்சு" என்று கணவர் உட்கார்ந்தார்.

எனக்கு அழுகை வந்தது. இந்த வேலையே வேண்டாம் என்று நான்தான் ஒரு காலத்தில் சண்டை போட்டேன். இப்போது அது அவள் கையைவிட்டுப் போய்விட்டது என்றதும் தாங்க முடியவில்லை. வெயிலில் கறுத்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பில் உட்காரும் அந்த முகம்தான் கண் முன்னால் நின்றது. அத்தனை தூரம் ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளின் பேச்சுக்கு என்ன மரியாதை கொடுத்தார்கள் என்று, பெயர் தெரியாத அந்த அதிகாரிகளை எல்லாம் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"பாத்தியாம்மா? நான் சொன்னதைக் கேட்டாங்க. அடுத்த வருஷமும் நான்தான்னு இப்பவே சொல்லிட்டாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உன் பையனை எடுக்கலையேடி?"

"எந்தப் பையன்?"

நான் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவனை எடுக்கணும்னு மத்தவங்க எல்லாரும் சொன்னாங்க. வேண்டாம்னு சொன்னது நான் ஒருத்திதான்."

காரணத்தை இன்றுவரை அவள் எனக்குச் சொன்னதில்லை. அது அணியின் ரகசியமாம். நான் அப்போது கேட்டதும் அதை அல்ல.

"வேண்டாம்னா எதுக்குடி அத்தனை தடவை போய்ப் பார்த்தே?"

"அம்மா, வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் அத்தனை தடவை பார்க்கணும். பிடிச்சிருக்குன்னு சொன்னா எங்க ஆபீஸ்ல எல்லாருமே போய்ப் பார்ப்பாங்க. வேண்டாம்னு நான் தப்பாச் சொல்லிட்டா அவனை யாரும்மா மறுபடி பார்ப்பாங்க? கடைசியாப் பார்த்த அன்னிக்குக்கூட, நான் நெனச்சது தப்பா இருக்கணும்னுதான் உட்கார்ந்திருந்தேன்."

 என் கணவர் வீட்டார் வருவதற்கு முன்னால் வேறொரு வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார்கள், அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் வேண்டாம் என்று தரகரிடமிருந்து தகவல் வந்துவிட்டது. எதனால் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா என்னைக் கண்ணாடி முன்னால் போக விடாமல் ஏதேதோ வேலை கொடுத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் மறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது, இந்த ஹாலில், எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்னொரு தடவை வந்து பார்த்திருக்கலாமே. அப்புறம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"டிவில அவன் இருக்கானா? நான் வெளியே பார்க்கிங் லாட்ல நிக்கிறேன். உள்ள டிவி போட்டிருக்காங்க, அவன் முகத்தை என்னால பார்க்க முடியலை."

திரையைப் பார்த்தேன். அடுத்தடுத்து அணிகள் வேறு வேறு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. "இருக்கான். இன்னும் யாரும் எடுக்கலை."

"எப்படி இருக்கான்?"

"சிரிச்சிட்டுத்தான் இருக்கான்."

"அவங்கம்மா?"

அவன் அம்மா குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.

"போனை வெச்சுடாதே."

நான் வைக்கவில்லை. வேலையில் ஜெயித்த பெண், அவளை உள்ளே தேடிக்கொண்டிருப்பார்கள், அவள் அங்கே கார்களுக்கு நடுவில் நின்று என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் "அவனா?" என்றாள். "இல்லை" என்றேன். கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார், அவளுக்குக் கேட்கட்டும் என்று.

கடைசியில் சொன்னார்கள். முதல் சுற்று முடிவதற்குள், வடக்கே ஏதோ ஒரு அணி. பையன் எழுந்திருக்கவே இல்லை, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"எடுத்துட்டாங்கடி."

மகள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அவன் நன்றாக ஆடினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைக்கு வந்தவனை விட்டுவிட்டோம், அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டு, என்றுதானே சொல்வார்கள். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

"இனிமே எனக்கு ஒரே ஒரு ஆசைதாம்மா. அவனைப் பத்தி நான் எழுதினது அத்தனையும் தப்பாப் போயிடணும்."