மைனி எடுக்காத போன்

முடக்குவாதம் வந்து விரல்கள் மடங்கிய பிறகு, சமையலைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டேன். போனை எடுக்கத்தான் முடியவில்லை. மணி அடித்தால் பச்சை வட்டத்தைத் தொட்டு இழுக்க வேண்டுமாம். என் விரல் பாதி வழியில் நின்றுவிடும். இல்லையென்றால் சிவப்பில் பட்டு போன் கட்டாகும்.

தாராவியில் எங்கள் சந்தில் அதற்கும் வழி இருந்தது. மணி அடித்ததுமே எதிர்வீட்டு மைனி, அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் மடியில் வைப்பாள். வைத்த கையோடு போகலாம், போகமாட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சந்தில் போன் பேச்சு எல்லோருக்கும் பொது. ரயிலில் போகும் தூரத்து டோம்பிவிலியிலிருந்து என் அக்கா பேசினால் பாதிக்குப் பாதி பதில் மைனிதான் சொல்வாள்.

அக்காவின் குரல் கொஞ்ச நாளாகச் சரியில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, சளி" என்பாள். ரயிலில் கம்பியைப் பிடிக்க முடியாத கையோடு நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அவளோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசினால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஒரு மத்தியானம் ஆத்திரத்தில் விரல் முட்டியால் செட்டிங்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். தமிழில் வைத்திருந்த போனில் 'அணுகல்தன்மை' என்று ஒன்று இருந்தது. அப்படி ஒரு வார்த்தையை யாரும் பேசி நான் கேட்டதில்லை. யாரோ பெரிய அதிகாரிக்கு என்று நினைத்து உள்ளே போனால், எனக்குத்தான். இழுக்க வேண்டாம், ஒரு தட்டு தட்டினாலே போனை எடுக்கலாம். இத்தனை நாளும் இது இதற்குள்ளேயே கிடந்ததா என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. பிறகு முட்டியாலேயே தட்டி அதைப் போட்டு வைத்தேன்.

மறுநாள் மணி அடித்தது. மைனி வாசலுக்கு வருவதற்குள் தட்டிவிட்டேன். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே போனைப் பிடித்துக் காதில் வைத்தேன். மைனி கொஞ்சம் நின்று பார்த்தாள். முகம் சுருங்கித் திரும்பிப் போனாள். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் கூப்பிடவில்லை.

அக்கா வழக்கம்போல உரக்க ஆரம்பித்தாள். "சாப்ட்டியாட்டி? மைனி சௌக்கியமா? அங்க மழையா?"

"மைனி இல்லக்கா. ஸ்பீக்கர் போடல. நாந்தான் எடுத்தேன்."

கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு அழுகை கேட்டது.

"இந்த பிளாட்டுல பூட்டுன கதவுக்குள்ள தனியா கிடக்கேன்ட்டி," என்றாள். "நாள் பூரா பேசுததுக்கு ஒரு நாதி கிடையாது. உங்கிட்ட சொல்லலாம்னா, அங்க சந்தே கேக்கும்."

மணிக்கட்டு கடுக்க ஆரம்பித்திருந்தது.

"சொல்லுக்கா," என்றேன். "நான் மட்டுந்தான் கேக்கேன்."